ஒன்றரை சைக்கிள்

போன வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த வார இறுதியில், ஓசூரில் என் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. சனிக்கிழமை காலை ஆரம்பித்தது. எப்போது முடிந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முடிந்துவிட்டதா என்பதே தெரியாது.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கு இடமிருக்காது. சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவன் நான். ஒருவர் தன் பொருளுக்கு நூறு ரூபாய் என்றால் அது அறுபதுதான் என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பது என் உத்தியோகம். இதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. எந்தப் பொருளானாலும் கடைசித் திருகுவரை பிரித்து மேஜையில் பரப்புவோம். ஒவ்வொன்றையும் எடை போட்டு, இரும்புக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று விலை வைத்துக் கூட்டுவோம். வருவதுதான் நிஜ விலை. மீதியெல்லாம் பேச்சு.

இதனால் எங்கள் தெருவில் எனக்கு ‘ரேட்டு சார்’ என்று பெயர். பழைய ஸ்கூட்டர், ஓடாத வாஷிங் மெஷின், பாகலூர் பக்கத்து மனை என்று எதை விற்பதானாலும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்பார்கள். கேட்காத ஒரே ஆள் என் மனைவி. கல்யாணமான புதிதில் அவள் அம்மா எடுத்துக் கொடுத்த பட்டுப் புடவையைத் தடவிப் பார்த்து அதன் அடக்க விலையைச் சொன்னேன். அந்தப் புடவையை அவள் அப்புறம் கட்டவேயில்லை.

மாடியில் ஒரு இளம் தம்பதி குடியிருந்தார்கள். அவன் விருதுநகர் பக்கத்துப் பையன், தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவள் கிருஷ்ணகிரிக்காரி, பெங்களூரு எல்லையில் ஒரு கம்பெனிக்குத் தினமும் வேனில் போய் வந்தாள். அவன் இரவு ஷிப்ட் முடிந்து படியேறும்போது அவள் இறங்குவாள். பெரும்பாலும் அவர்களுடைய இல்லறம் என் வீட்டுப் படிக்கட்டில்தான் நடந்தது. இருவரும் பிரிவதென்று முடிவெடுத்திருந்தார்கள். காரணத்தை நான் கேட்கவில்லை. என் மனைவி கேட்டாள், அவளுக்கும் சொல்லப்படவில்லை. பங்குச் சாமியார் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசிவிட்டு, கிறிஸ்துமஸ் போகட்டும் என்றாராம். கிறிஸ்துமஸ் போய்விட்டது. மாடியில் கட்டிய காகித நட்சத்திரம் மட்டும் பனியில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்து கீழே வந்தார்கள். பிரிட்ஜ் அவளுக்கு, டிவி அவனுக்கு, கட்டில் அவளுக்கு, வாஷிங் மெஷின் அவனுக்கு. எல்லாம் சண்டையில்லாமல் பிரித்தாயிற்று. திங்கட்கிழமை அவள் சாமான்களை ஏற்ற வண்டி வருகிறது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அந்த சைக்கிள்.

“அதை வித்துக் குடுத்துடுங்க அங்கிள். அதோட எல்லாம் முடிஞ்சுது” என்றாள் அவள்.

அந்த சைக்கிளின் பூர்வீகம் இது. அவளுடைய பெரியப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் இயந்திரம் நிறுவ வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், ஊர் திரும்பும்போது அவரிடம் விட்டுப்போன பந்தய சைக்கிள். பெரியப்பா அதைப் பரணில் போட்டு நாற்பது வருடம் காப்பாற்றினார், அதாவது துருப்பிடிக்கவைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அது இவர்களிடம் வந்தது. கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் இருவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, கியர்களைக் கழற்றி, சக்கரத்தை மாற்றி, துரு சுரண்டி, அதை ‘ஃபிக்ஸட் கியர்’ வண்டியாக்கினார்கள். அதாவது பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றியே தீரும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

“யாருக்கு எவ்வளவு பங்கு?” என்றேன் தொழில் முறைப்படி.

“பிரேம் அவங்க வீட்டுது சார். அது இல்லாம நான் செஞ்சதுக்கு ஒரு மதிப்பும் இல்ல. அவங்களுக்கு முக்கால் பங்கு” என்றான் அவன்.

“அது வெறும் துரு அங்கிள். எல்லாம் அவர் செஞ்சதுதான். அவருக்குத்தான் முக்கால்.”

“வேணாம்னு சொல்லுங்க சார்.”

“அவரை வாங்கிக்கச் சொல்லுங்க அங்கிள்.”

ஒரு அடி இடைவெளியில் நின்றுகொண்டு இருவரும் என் வழியாகப் பேசினார்கள். இத்தனை வருட உத்தியோகத்தில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சண்டை போட்ட கட்சிக்காரர்களை நான் பார்த்ததேயில்லை. முக்காலும் முக்காலும் ஒன்றரை. ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு ஒன்றரை சைக்கிளுக்கு விலை பேசச் சொல்கிறார்கள். இதைக் கணக்குப் பிழை என்று நினைத்தேன். அதை வேறு மாதிரி யோசிக்க என் வேலையில் இடமில்லை.

அவர்கள் மேலே போனதும் என் மனைவி, “மெதுவா விலை போடுங்க, என்ன அவசரம்?” என்றாள். என் திறமையைச் சந்தேகிக்கிறாள் என்று எனக்குக் கோபம்.

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் காட்டறேன் பாரு.”

“அதான் பயமா இருக்கு” என்றாள்.

ஓட்டிப் பார்க்காமல் வண்டிக்கு விலை சொல்லக்கூடாது என்பது கொள்கை. எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோடுவரை நல்ல சரிவு. மயில்கழுத்து நிறத்தில் மின்னிய அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து மூன்று மிதி மிதித்தேன். என் வயதில் பத்து குறைந்தது. இறக்கம் வந்ததும் எல்லாரையும்போல மிதிப்பதை நிறுத்தினேன். வண்டி நிறுத்தவில்லை. பெடல் என் காலைப் பிடித்துக்கொண்டு தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நான் காலைத் தூக்கினால் அது முழங்காலைத் தட்டியது, வைத்தால் இழுத்தது. முன்பக்கம் ஒரு பிரேக் இருந்ததாம், அதைத் தேட எனக்கு அவகாசமில்லை. எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய டெம்போ ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கும் எனக்கும் நடுவில், யாரோ ஒரு புண்ணியவான் வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த எம்-சாண்ட் குவியல். அதில் போய் மரியாதையாகப் புதைந்தேன்.

டெம்போக்காரர் தலையை நீட்டி, “ஏமி சார், பிரேக் லேதா?” என்றார். நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, “டெஸ்ட் பண்றேங்க” என்றேன். அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போனார்.

ஓட்டிப் பார்ப்பது இனி இல்லை என்று முடிவு செய்து, படம் எடுத்துத் தெரிந்த குழுக்களில் போட்டேன். அப்புறம்தான் குழப்பம் முழு வேகத்தில் வந்தது. பெங்களூரில் பழைய சைக்கிள் சேகரிக்கும் ஒருவர் கூப்பிட்டார். “ஒரிஜினல் கியர், ஒரிஜினல் பெயின்ட் இருந்திருந்தா நீங்க கேக்கற விலை குடுத்திருப்பேன். அநியாயமா கொன்னுட்டாங்களே சார்!” அரை மணி கழித்து அத்திப்பள்ளியிலிருந்து ஒரு இளைஞன். “நல்லவேளை சார், கியரை எல்லாம் தூக்கிட்டாங்க. இல்லேன்னா நான் போனே பண்ணியிருக்க மாட்டேன்.” ஒருவர் எதற்காக வேண்டாம் என்றாரோ அதற்காகவே இன்னொருவர் வேண்டும் என்கிறார்.

பேரிகையிலிருந்து எங்கள் தெருவுக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயி ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்னாங்க சார், ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லும் இல்ல. எவனாவது கழட்டிக்கினு போயிட்டானா?”

“இல்லைங்க. இப்படித்தான் செஞ்சிருக்காங்க.”

“வேணும்னேவா?”

அத்திப்பள்ளி இளைஞன் சொன்ன தொகை என் பழைய ஸ்கூட்டரின் விலையைத் தாண்டியது. தெருவில் வந்த பழைய இரும்புக்காரர் சொன்ன தொகையில் அந்த ஸ்கூட்டருக்கு ஒரு டயர்கூட வராது. “நாளைக்கு நாலு மணிக்கு பர்த்தினி, வர்றேன் சார். புடிச்சிருந்தா அப்பவே எடுத்துக்கறேன்” என்றான் அத்திப்பள்ளிக்காரன். இத்தனை தூரம் விலகி நிற்கும் விலைகளுக்கு நடுவே உண்மை எங்கே என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் தெளிவு பிறந்தது. பிரித்துவிடலாம்! நிஜ விலையும் தெரியும், யாருடைய பாகம் எது என்று பிரித்தால் அந்த ஒன்றரைத் தகராறும் தீரும்.

ஞாயிறு காலை மொட்டை மாடியில், யாருடைய காதுகுத்துக்கோ வைத்த பழைய பிளக்ஸ் பேனரை விரித்தேன். சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டேன். பத்து மணிக்குள் அந்த சைக்கிள் என் முன்னால் உதிரிகளாகக் கிடந்தது. பிரிப்பதில் எனக்கு இணை கிடையாது.

இடப்பக்கம் அவள் பாகங்கள், வலப்பக்கம் அவன் பாகங்கள். பிரேம் இடப்பக்கம் போயிற்று. சக்கரங்கள், செயின் வலப்பக்கம். அதோடு சுலபமானவை தீர்ந்தன. அவன் காலை ஷிப்டில் இருந்தான். அவள் பூசை முடிந்து வந்து மாடி வீட்டில் அட்டைப் பெட்டிகளை டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் அவனுக்குப் போன் போட்டேன்.

“தம்பி, இந்த ஹேண்டில்பார் டேப்பு யாருது?”

“நான் வாங்கினது சார். சுத்தினது அவங்க. எனக்குச் சுத்த வராது, சுருங்கிப் போயிரும்.”

“பெயின்ட்?”

“அடிச்சது நான். கலர் அவங்க சொன்னது. நான் கறுப்பு அடிக்கலாம்னேன், நல்லவேளை கேக்கல.”

இந்தப் பக்கம் வைப்பதா அந்தப் பக்கமா? நடுவில் மூன்றாவதாக ஒரு குவியல் போட்டேன். மதியத்துக்குள் அந்த நடுக் குவியல் மற்ற இரண்டையும்விடப் பெரிதாகிவிட்டது. பிரேமும் பெயின்டைத் தொடர்ந்து அங்கேயே நகர்ந்தது, பிரேமை விட்டுப் பெயின்டைத் தனியாக எடுக்க என்னிடம் கருவி இல்லை.

அப்போது கையில் ஒரு சின்னத் தகடு சிக்கியது. ஹேண்டில்பார் கம்பிக்கும் அதைப் பிடிக்கும் கவ்விக்கும் இடையில் இறுக்கத்துக்காகச் சுற்றியிருந்த எவர்சில்வர் தகடு. அதில் புள்ளி புள்ளியாக ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. போனில் கேட்டேன். அவன் மெஷின் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து சொன்னான்.

“அது டம்ளர் சார். கல்யாணத்துக்கு வந்தது. ஆறு டம்ளர், பேர் வெட்டிக் குடுத்தாங்க. ஹேண்டில் லூசா இருந்துச்சு, கடைல அந்தச் சைஸ் கிடைக்கல. அவங்கதான் ஒரு டம்ளரை எடுத்துட்டு வந்து வெட்டுன்னாங்க.”

தகட்டில் பாதிப் பெயர்தான் இருந்தது. அவன் பெயரின் வாலும் அவள் பெயரின் தலையும். தராசில் வைத்தேன். தராசு பூஜ்யம் காட்டியது. தட்டிப் பார்த்தேன், மறுபடியும் பூஜ்யம். டீ கொண்டுவந்த என் மனைவி பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவள், மாடி வீட்டுப் பெண், டேப் உருளையை வளையல்போலக் கையில் மாட்டிக்கொண்டு மேலே வந்தாள். பேனரைப் பார்த்தாள்.

“பிரிச்சிட்டீங்களா அங்கிள்?”

“விலைக்காகம்மா.”

“எல்லாத்தையுமா?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். என்ன விலை வந்தது என்று கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. நல்லவேளை. என்னிடமும் விலை இல்லை.

மணி மூன்றாகிவிட்டது. மாட்ட ஆரம்பித்தேன். எங்கள் கம்பெனியில் பிரித்ததை யாரும் திரும்பப் பூட்டுவதில்லை, குப்பைக்குப் போய்விடும். இந்த விவரம் அதுவரை என் நினைவுக்கு வரவில்லை. சக்கரம் ஒரு பக்கமாக உரசியது, செயின் தொட்டில்போலத் தொங்கியது. அவன் யூனிபார்மோடு படியேறி வந்து, நான் செய்து வைத்திருந்ததைப் பார்த்து, “சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க” என்றான். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வேலையை விட்டு நீக்கியதில்லை.

பின்சக்கரத்தைப் பூட்ட, ஒருவர் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை விறைப்பாக்க வேண்டும், அதே நேரம் இன்னொருவர் நட்டை முடுக்க வேண்டும். அவன் ஒற்றை ஆளாக இரண்டு தடவை முயன்று பார்த்துக் கைவிட்டான். அவள் எழுந்து வந்து, புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தாள்.

“இழு” என்றான்.

“இழுக்கறேன்ல.”

“இன்னும்.”

“ஏய், கை! கை மாட்டிக்கிச்சு, விடுடா!”

“நேரா புடின்னா கேட்டாத்தானே.”

“நேராத்தான் புடிச்சிருக்கேன். உன் கண்ணுதான் கோணல்.”

நடுவில் நான் தேவைப்படவில்லை.

ஹேண்டிலை மாட்டும்போதுதான் அந்தத் தகட்டைத் தேடினோம். காணவில்லை. பேனரை உதறினேன், தராசைக் கவிழ்த்தேன், சட்டைப்பையைத் துழாவினேன். அது இல்லாமல் ஹேண்டில் பேய் பிடித்தது போல் சுற்றியது. கீழே காலிங் பெல் அடித்தது. அத்திப்பள்ளிக்காரன் வந்துவிட்டான்.

“இன்னும் அஞ்சு டம்ளர் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். ஒட்டி முடித்த பெட்டியை அவள் பிய்த்த சத்தம் மாடிவரை கேட்டது. புத்தம்புதிதாய் மின்னும் டம்ளரோடு வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் தகடு வெட்டும் கத்திரியை எடுத்தான். டம்ளரைத் திருப்பினான். முழுப் பெயர்களும் அதில் இருந்தன. கத்திரியை விளிம்பில் வைத்தான். எடுத்தான்.

“வெட்டு” என்றாள் அவள்.

“நீ வெட்டு.”

அவள் கத்திரியை வாங்கினாள். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். அத்திப்பள்ளி இளைஞன் மேலே வந்து, ஆடும் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்து, “ஹேண்டிலே நிக்கலையே சார்?” என்றான். எனக்குள் இருந்த கொள்முதல்காரன் விழித்து, “சின்ன விஷயம் தம்பி, ரெண்டு நிமிஷம்” என்று ஆரம்பித்தான். அவள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னைக்கு முடியாதுங்க” என்றாள் வந்தவனிடம். “ஒண்ணு வெட்டினது போதும்” என்றான் இவன், யாரிடமும் இல்லாமல்.

வந்தவன் என்னைப் பார்த்தான். நான் அவர்கள் இருவரில் யாராவது என்னைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். திங்கட்கிழமை சொன்னபடி வண்டி வந்தது. பிரிட்ஜும் கட்டிலும் ஏறின. அவள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை என் மனைவி அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கடுகுக்குள் விரலை விட்டு, அந்தத் தகட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இருபத்தஞ்சு வருஷமா நீங்க பேசி முடிக்கறதையே பாக்கறேன். ஒரு தடவையாவது முடியாம போகட்டுமேன்னுதான்” என்றாள்.

தகட்டை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடுகு வாசனையோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்களே வெச்சிருங்க சார். நான் ஒத்தையா மாட்ட முடியாது” என்றான். அது பொய். ஹேண்டிலுக்கு ஒரு ஆள் போதும் என்பது எனக்கே தெரியும்.

மூன்று வாரம் கழித்து அவள், மறந்துபோன மிக்ஸி ஜாரை எடுக்க வந்தாள். தகடு கிடைத்ததா என்று கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவனுக்கு வார விடுமுறை. தற்செயலா என்று என் மனைவியைக் கேட்டேன், சமையலறையில் அவளுக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. மாடியில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. அப்புறம் சில ஞாயிறுகளில் வந்தாள், சில ஞாயிறுகளில் வரவில்லை. வந்தால் சைக்கிளைச் சரிவில் ஓட்டுவாள், அவன் கீழே மணல் குவியல் இருந்த இடத்தில் நின்று பார்ப்பான். இந்த கிறிஸ்துமஸுக்கு மாடியில் புது நட்சத்திரம் தொங்கியது. யார் கட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை, என் மனைவி பார்க்கவும் விடவில்லை.

அத்திப்பள்ளிக்காரன் அவ்வப்போது போன் செய்து ரேட்டு என்னாச்சு சார் என்று கேட்பான். இன்னும் போட்டு முடியவில்லை என்பேன், அது உண்மையும்கூட. தினமும் காலையில் படிக்கட்டுக்குக் கீழே நிற்கும் அந்த சைக்கிளைக் கீறல் விழாமல் கொஞ்சம் நகர்த்திவிட்டுத்தான் என் ஸ்கூட்டரை எடுக்க முடிகிறது. அப்படி நகர்த்தும்போதெல்லாம், விலை போட்டு முடிக்காமல் விடுவதும் சில சமயம் ஒரு வேலைதான் என்று, அரைகுறையாகவாவது, எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது.